இரவில் நம் நாய், பகலில் தெரு நாயா?

நாய்த் தொல்லையைப் பற்றிப் பேச்சு எழாத சங்கக் கூட்டம் நம்மிடையே அபூர்வம். நகராட்சி பிடிப்பதில்லை, பிடித்தாலும் ஊசி போட்டுத் திரும்ப அதே இடத்தில் விட்டுவிடுகிறார்கள், பெண்களும் குழந்தைகளும் கடைக்கு வரவே அஞ்சுகிறார்கள் என்று உறுப்பினர்கள் குறைபட்டுக் கொள்வது வழக்கம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரிய மார்க்கெட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்க்கும் எவருக்கும் ஒரு விஷயம் விளங்கும். ஷட்டர் ஓரத்திலும் தாழ்வாரப் படியிலும் சுருண்டு கிடக்கும் நாய்களில் பாதி, நம் கடைச் சோற்றில் வளர்ந்தவை. அவற்றுக்குப் பெயர்கூட உண்டு. கடைப் பையன் கூப்பிட்டால் வாலை ஆட்டிக் கொண்டு வருகின்றன.

சில மாதங்களுக்கு முன் நம் உறுப்பினர் ஒருவரின் மண்டியில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் வேண்டாம். விடியற்காலை லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிக் கொண்டிருந்தார்கள். வேலைக்குப் புதிதாக வந்த சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் மூட்டையோடு உள்ளே நுழைந்தபோது, ஆறு வருடமாக அந்த மண்டி வாசலில் கிடக்கும் நாய் அவருடைய கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. முதலாளி நல்ல மனிதர். உடனே வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். கையில் கொஞ்சம் பணமும் கொடுத்தார். விவகாரம் மறுநாள்தான் தொடங்கியது. தொழிலாளி வந்து, வேலை செய்ய முடியாத நாட்களுக்குக் கூலி கேட்டார்.

"ஏம்ப்பா, அது நான் வளர்க்கிற நாயா? தெரு நாய்தானே! அதுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?" என்றார் முதலாளி.

"ராத்திரி குடோனைக் காக்கும்போது உங்க நாய், என்னைக் கடிச்சா தெரு நாயா முதலாளி?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

விஷயம் சங்கத்துக்கு வந்தது. நாமும் உட்கார்ந்து பேசினோம். அந்தத் தொழிலாளியின் கேள்விக்கு அன்று எவரிடமும் நேரான பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்துப் பார்க்கத் தோன்றியது.

பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நாடெங்கும் அமலில் இருக்கிறது. அதன் 291ஆவது பிரிவு பிராணிகளைப் பற்றியது. ஒருவர் தம் வசத்தில் உள்ள பிராணியால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில், தெரிந்தோ அலட்சியத்தாலோ போதிய ஏற்பாடு செய்யாமல் விட்டால், 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதுவே 289ஆவது பிரிவாக இருந்தது. அப்போது அபராதம் 1,000 ரூபாய். இதில் வணிகர்கள் கவனிக்க வேண்டிய சொல் 'வசத்தில் உள்ள' என்பது. சொந்தக்காரர் என்று சட்டம் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கினோமா, குட்டியிலிருந்து வளர்த்தோமா என்பதல்ல கேள்வி. இரவு கிட்டங்கிக்குள் விட்டுப் பூட்டி, காலையில் திறந்து விடுகிற நாய், நம் வசத்தில் இல்லை என்று எப்படிச் சொல்வது?

நம் ஊரைப் பொறுத்தவரை இன்னொரு பழைய கணக்கும் உண்டு. பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் 1819 ஜனவரி 6ஆம் தேதியிட்ட ஆணை மூலம் இங்கே அறிவிக்கப்பட்டன. திருமணம், வாரிசு போன்றவற்றில் அவரவர் வழக்கம் செல்லும் என்று அதே ஆணையில் சொல்லியிருந்தார்கள். நம் பெரியவர்கள் 'கோத் சிவில்' என்று குறிப்பிடும் அந்தத் தொகுப்பின் 1385ஆவது விதி பிராணிகள் செய்யும் சேதம் பற்றியது. சொந்தக்காரர் மட்டுமல்ல, பிராணியைத் தம் உபயோகத்துக்கு வைத்துக் கொள்பவரும் பொறுப்பு. பிராணி அவர் காவலில் இருந்தபோது கடித்தாலும், வழி தவறியோ தப்பித்தோ ஓடிப்போய்க் கடித்தாலும் பொறுப்பு மாறாது என்பது அதன் சாரம். பிரான்சின் உச்ச நீதிமன்றம் 1885இல் ஒரு வழக்கில் இதை இன்னும் இறுக்கியது. என்னிடம் தவறில்லை என்று காட்டினால் மட்டும் போதாது, தடுக்கவே முடியாத சம்பவம் என்றோ கடிபட்டவர் தாமே வரவழைத்துக் கொண்டது என்றோ காட்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பிரான்சில் அந்த விதி 2016 முதல் 1243 என்ற புது எண்ணோடு இன்றும் இருந்து வருகிறது.

முத்தியால்பேட்டையைத் தாண்டிக் கோட்டக்குப்பத்தில் கால் வைத்தால் அக்காலத்தில் ஆங்கிலேயர் எல்லை. அவர்களுடைய சட்ட மரபு வேறு மாதிரி. இந்த நாய் கடிக்கும் சுபாவம் உள்ளது என்பது சொந்தக்காரருக்கு முன்பே தெரிந்திருந்தது என்று கடிபட்டவர் நிரூபிக்க வேண்டும். அதாவது முதல் கடி இலவசம் என்று வக்கீல்கள் கேலியாகச் சொல்வார்கள். ஒரே தெருவில் ஓடும் ஒரே நாய்க்கு இந்தப் பக்கம் ஒரு நீதி, அந்தப் பக்கம் ஒரு நீதி!

1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைப்பும் முடிந்தது. இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாக நமக்கும் வந்தன. ஆனாலும் இந்த இரண்டில் எது வணிகனுக்குப் பொருந்தும் என்று நம்மைக் கேட்டால், தயக்கமின்றிப் பழைய புதுச்சேரிக் கணக்கைத்தான் சொல்வோம். தராசில் எடை குறைந்தால், எனக்குத் தெரியாது என்று சொல்லி எந்தக் கடைக்காரராவது எடையளவு ஆய்வாளரிடம் தப்பியிருக்கிறாரா? பருப்பில் கலப்படம் இருந்தால், மொத்த வியாபாரி அனுப்பியது என்று சொல்லிவிட்டால் போதுமா? நம் கடையில் நம் லாபத்துக்காக இருப்பது எதுவாயினும் அதன் கெடுதலும் நம் பேரேட்டில்தான் ஏறும். நாய்க்கு மட்டும் தனிப் பேரேடு கிடையாது.

கடிக்கு என்ன விலை?

வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டிய பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். மனிதருக்கு இந்நோய் வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயின் மூலம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. லூயி பாஸ்தர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டது 1885 ஜூலை 6. மேலே சொன்ன தீர்ப்பும் அதே வருடம், அதே நாட்டில் வந்தது என்பது வேடிக்கையான ஒற்றுமை. தென்னாட்டுக்கு இம்மருந்து கிடைக்கக் குன்னூரில் பாஸ்தர் நிலையம் 1907இல் திறக்கப்பட்டது. இன்று குன்னூர் போக வேண்டியதில்லை.

கடி பட்டவுடன் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். நம் ஆட்கள் முதலில் செய்வது மஞ்சளோ சுண்ணாம்போ மிளகாய்ப் பொடியோ அப்புவது. தயவு செய்து அதைத் தடுத்து நிறுத்துங்கள். சோப்பு நம் கடையிலேயே இருக்கிறது. பிறகு அன்றைக்கே மருத்துவமனை. தோலில் போடும் ஊசி முறையில் முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நான்கு முறை போக வேண்டும். ஆழமான காயமானால் அதைச் சுற்றிலும் போடும் மருந்து தனி. ஊசிக்குக் காசு வாங்காவிட்டாலும், தினக்கூலிக்காரருக்கு நான்கு நாள் வேலை போயிற்று. காலில் காயத்தோடு மூட்டை தூக்க முடியாத நாட்கள் அதற்கு மேல்.

நாய்க்கு வருடம் ஒரு தடவை போடும் தடுப்பூசிச் செலவை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எது லாபம் என்று வியாபாரிக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடைக்காரர் காப்பீட்டுப் பாலிசி எடுத்திருக்கும் அன்பர்கள், கடையால் வெளியாருக்கு நேரும் காயத்துக்கு அதில் பிரிவு சேர்த்திருக்கிறதா, பிராணியால் வரும் காயம் அதற்குள் அடங்குமா என்று முகவரிடம் கேட்டுக் கொள்வது நல்லது.

கயிறு பிடிக்காத கனவான்கள்

வீட்டில் நாய் வளர்ப்போரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மாலையில் வாகனம் நிறுத்தப்பட்ட கடற்கரைச் சாலையில் நாயைக் கழற்றி விட்டுவிட்டு, வார்க்கயிற்றைத் தம் கழுத்தில் மாலையாகப் போட்டுக் கொண்டு நடப்பவர்களை நாம் பார்க்கிறோம். "ஒண்ணும் செய்யாது சார், பயப்படாதீங்க" என்பது அவர்களின் நிரந்தர வசனம். சுண்டல் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அந்த நாயின் குணம் எப்படித் தெரியும்? பிரான்சிலேயே 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆபத்தானவை என்று வகைப்படுத்திய நாய்களை வாய்க்கட்டும் வாரும் இல்லாமல் தெருவுக்குக் கொண்டு வரக் கூடாது, காப்பீடும் கட்டாயம்.

நம் பக்கத்துச் சென்னையில் 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பகுதிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. சொந்தக்காரர் கைது செய்யப்பட்டார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் 23 நாய் இனங்களைத் தடை செய்யுமாறு மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. வளர்ப்போர் தரப்பைக் கேட்காமல் எடுத்த முடிவு என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் அதை ரத்து செய்தது. 2025இல் சென்னை மாநகராட்சி, உரிமம் இல்லாத வளர்ப்பு நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்ததும், உரிமம் எடுக்க வரிசை நீண்டது. இனத்தைத் தடை செய்வதைவிடக் கயிற்றைப் பிடிக்க வைப்பது மேல் என்பது நமது எண்ணம். நாட்டு நாயும் கடிக்கும்.

மளிகைக் கடைக்குள் நாயோடு நுழையும் வாடிக்கையாளர் தனித் தலைவலி. வேண்டாம் என்றால் வியாபாரம் போய்விடுமோ என்று நாம் வாயைத் திறப்பதில்லை. அரிசி மூட்டையில் நாய் மூக்கை வைத்ததைப் பார்த்த அடுத்த வாடிக்கையாளர் சொல்லாமல் போய்விடுவாரே, அந்த நஷ்டத்தை யார் எண்ணுகிறார்கள்? உணவுப் பாதுகாப்பு உரிமம் பற்றிய 2011ஆம் ஆண்டு விதிகளில், உணவுப் பொருள் இருக்கும் இடத்துக்குள் வளர்ப்புப் பிராணிகளையும் விடக் கூடாது என்றே இருக்கிறது. ஆகவே மறுப்பது நம் குணக்கேடு அல்ல, உரிமத்தின் நிபந்தனை. நம் உறுப்பினர் ஒருவர் கடைக்கு வெளியே, நடைபாதையில் போவோருக்கு இடைஞ்சல் இல்லாத மூலையில் ஒரு கொக்கி அடித்து, பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணமும் வைத்திருக்கிறார். "அண்ணே, இப்படி ஓரமாக் கட்டிட்டு வாங்க, நான் சாமானை எடுத்து வைக்கிறேன்" என்று சிரித்த முகத்தோடு சொல்வார். இதுவரை ஒருவரும் கோபித்துக் கொள்ளவில்லையாம்.

இனி, வாசல் நாய்களின் விஷயம். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவு நம்மை நேராகத் தொடுவது. பிடித்த நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அதே பகுதியில் விட வேண்டும். வெறிநோய் கண்டதும் மூர்க்க குணமுள்ளதும் மட்டும் திரும்பக் கூடாது. நகராட்சிக்காரர் திரும்பக் கொண்டு வந்து விடுகிறார் என்று நாம் குறை சொல்வது பெரும்பாலும் இந்த விதியைத்தான். அதே உத்தரவில், தெருவில் கண்ட இடத்தில் சோறு போடக் கூடாது, வார்டுதோறும் அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. கடை மூடும்போது மிச்சத்தை ஷட்டர் ஓரத்தில் கொட்டிவிட்டுப் போகும் நம் வழக்கத்துக்கு அது ஒத்துவராது. இறைச்சி, மீன் கடை அன்பர்கள் கழிவை மூடிய தொட்டியில் போடாத வரை எந்த உத்தரவும் பலிக்கப் போவதில்லை என்பதையும் மனம் விட்டுச் சொல்லி விடுகிறோம். அடுத்து 2025 நவம்பர் 7 அன்று பள்ளிகள், மருத்துவமனைகள், விளையாட்டு அரங்கங்கள், பேருந்து, ரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து நாய்களை அப்புறப்படுத்தவும், மீண்டும் அங்கேயே விடாதிருக்கவும் உத்தரவு வந்தது. மார்க்கெட் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நம் இடத்தை நாம்தான் பார்த்துக் கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம்.

ஆகஸ்ட் உத்தரவில் ஒரு நல்ல வாசலும் திறந்திருக்கிறது. தெரு நாயைத் தத்து எடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சியிடம் மனு செய்து எடுத்துக் கொள்ளலாம். எடுத்த பிறகு அது தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக் கொள்வது அவர் பொறுப்பு. காவலுக்கு நாய் வேண்டும் என்று உண்மையிலேயே நினைக்கும் மண்டிக்காரர், கிட்டங்கிக்காரர் இவ்வழியே போவதுதான் நேர்மை. காவல் வேண்டாம் என்றால் சோறும் வேண்டாம். பாதி வளர்த்துப் பாதி விடுவதுதான் இத்தனை சங்கடத்துக்கும் காரணம்.

மண்டி விவகாரம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். அன்று பஞ்சாயத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்க குடோன்ல ராத்திரி வாட்ச்மேன் இருக்காரா?" இல்லை என்றார். "அப்ப யாரு பார்த்துக்கிறது?" முதலாளி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு ஊசிக்குப் போன நான்கு நாள் கூலியும், கால் ஆறும் வரை ஒரு வாரக் கூலியும் கொடுக்க ஒப்புக் கொண்டார். நாயைத் தொலைவில் கொண்டு போய் விட்டுவிடலாமா என்று ஒருவர் யோசனை சொன்னதற்கு அந்தத் தொழிலாளியே குறுக்கிட்டு, வேண்டாம், கட்டிப் போட்டால் போதும் என்றார். இப்போது அதற்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டது, கழுத்தில் பட்டை ஏறிவிட்டது. லாரி வரும் நேரத்தில் பின்கட்டில் சங்கிலியில் இருக்கிறது. மூட்டை இறக்கி முடிந்த பிறகே அவிழ்க்கிறார்கள். அதுவும் கிட்டங்கியின் உள்முற்றத்துக்குள் மட்டும்.