விமானியின் ஊதியமும் வைத்தியரின் வாழ்வும்

கல்முனைப் பக்கத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு வைத்தியக் கல்வியை அரசாங்கப் பல்கலைக்கழகம் இலவசமாகவே அளிக்க, விமானியாக விரும்புகிறவனின் வாப்பாவோ, வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்கு வழக்கமான பாதையில் வேண்டப்படும் 200 மணிநேரப் பறப்புக்காகக் காணியை ஈடுவைத்தேனும் பணம் கட்டவேண்டியவராகிறார்.

2022இல் இலங்கை ரூபாய் வீழ்ந்தபின் நம் விமானிகள் பலர் வளைகுடா நிறுவனங்களின் பெருஞ்சம்பளத்தை நாடிச் சென்றனர், வைத்தியர்களும் வெளியேறினர்.

ஆயினும், வருடாந்த தேகப் பரிசோதனையில் இருதயத்திலோ கண்ணிலோ ஒரு குறை வெளிப்படின் விமானியின் அனுமதியே இடைநிறுத்தப்படலாம். சர்வதேசப் பயணிகள் சேவையில் 65 வயதே எல்லை. கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் இரவுக் கடமை முடித்த வைத்தியர் காலையில் வீடு திரும்பிப் பிள்ளைகளின் முகம் பார்க்க, விமானி பெருநாளன்றும் அந்நிய நகரத்து ஹோட்டலறையில், திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பகலிலே உறங்க முயல்கிறான். கடன்பட்டுப் பயில்விக்கும் பெற்றோர், சம்பளத்தொகைக்கு முன் இவற்றையே விசாரிக்கவேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம்.