வாய்ப்புண்ணுக்கு மஞ்சள் போதுமா?

எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். அந்தக் காலத்தில் பால்மரம் சீவியவர். வெற்றிலை இல்லாத வாயோடு அவரை நான் பார்த்ததே இல்லை. சென்ற தீபாவளி சமயத்தில் அவருக்குக் கன்னத்தின் உட்புறம் ஒரு புண் வந்திருக்கிறது. தைப்பூசம் வரை மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டே இருந்திருக்கிறார். "மஞ்சள் புத்தைச் சாகடிக்கும்னு பேரன் ஹேண்ட்போன்ல படிச்சுக் காட்டினான் வாத்தியாரே" என்றார்.

வாசக அன்பர்களே, பேரன் படித்தது பொய்யில்லை. ஆனால் பாதிதான் படித்திருக்கிறான்.

மஞ்சளுக்கு அந்த நிறத்தைத் தருவது குர்க்குமின் என்ற பொருள். 1815-லேயே அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். நூறு கிராம் மஞ்சள் தூளில் ஏறக்குறைய மூன்று கிராம் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் வாய்ப்புற்று உயிரணுக்களைத் தட்டில் வளர்த்து, போதிய அளவு குர்க்குமினைச் சேர்த்தால் அவை சாகின்றன. எப்படிச் சாகின்றன என்பதுதான் வியப்பு.

நம் உயிரணுக்களுக்குள் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. 1972-ல் மூன்று விஞ்ஞானிகள் இதற்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. மாசி வாக்கில் நம் ரப்பர் மரங்கள் இலை கொட்டுகின்றனவே, அதைப்போல. மரம் பட்டுப்போவது வேறு, தானே இலையை உதிர்ப்பது வேறு அல்லவா? கருவில் குழந்தையின் விரல்களுக்கு இடையே சவ்வு இருக்கும். அந்த உயிரணுக்கள் இப்படி உதிர்வதால்தான் விரல்கள் தனித்தனியாகப் பிரிகின்றன.

புற்று உயிரணுவோ உதிர மறுத்துப் பெருகிக்கொண்டே போவது. சாவைத் தடுத்துக் காவல் நிற்கும் புரதங்கள் அதனிடம் உண்டு. குர்க்குமின் அந்தக் காவலைக் குறைக்கிறது. உடனே, உயிரணுவுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்னஞ்சிறு அடுப்புகள் கசியத் தொடங்குகின்றன. கசிந்த பொருள் 'காஸ்பேஸ்' என்ற கத்தரிகளை எழுப்பிவிடும். அவை உள்ளேயிருந்தே உயிரணுவை நறுக்கிவிடுகின்றன.

ஆனால் தட்டு வேறு, வாய் வேறு. தட்டில் குர்க்குமின் மணிக்கணக்கில் புற்றணுவை நனைத்துக்கொண்டிருக்கும். வாயில் பூசினால் எச்சில் கழுவிக்கொண்டு போய்விடும். சாப்பிட்டாலோ, குடலும் ஈரலும் அதை மாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன. நாளுக்குப் பல கிராம் விழுங்கியவர்களின் இரத்தத்தில்கூடச் சொற்பமே தென்பட்டது. மிளகின் காரப்பொருளைச் சேர்த்தால் கூடுதலாக ஏறும் என்று 1998-ல் பெங்களூரில் கண்டார்கள். நம் ரசத்துக்கு ஒரு சபாஷ் போடலாம். அதற்காக ரசம் மருந்தாகிவிடாது. குர்க்குமின் இன்றுவரை வாய்ப்புற்றுக்குரிய மருந்தாக ஏற்கப்படவில்லை.

பேரன் படிக்காத பாதி இன்னும் இருக்கிறது. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985-லேயே சொல்லிவிட்டது. "நான் புகையிலை போடுவதில்லையே" என்பீர்கள் தாய்மார்களே. வெறும் பாக்கும் புற்று தரும் என்று அதே அமைப்பு 2004-ல் வெளியிட்டது. நம் நாட்டின் மூவினத்தாரில் வாய்ப்புற்று அதிகம் காண்பது இந்தியர்களிடம்தான், அதிலும் பெண்களிடம். காலையில் மஞ்சளைப் பூசி, பகல் முழுதும் அதே கன்னத்தில் பாக்கை அடக்கி வைத்திருந்தால் எது எதை வெல்லும்?

இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை, சிவப்புத் திட்டு, வாயைத் திறக்க முடியாத இறுக்கம். இவற்றில் எது இருந்தாலும் அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டுங்கள். வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

பாட்டியை நானும் அவர் மகளும் காரில் அழைத்துப் போனோம். டாக்டர் சிறு துண்டு சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். திரும்பும் வழியில் பாட்டி வெற்றிலைப் பெட்டியை மகளிடம் நீட்டினார். "நீ வச்சிரு, சேதி வரட்டும்" என்றார். சேதி வந்தது. புற்றுதான், ஆனால் ஆரம்ப நிலை; அறுத்து எடுத்துவிடலாமாம். நாள் குறித்திருக்கிறார்கள். பெட்டி இன்னும் மகளிடம்தான் இருக்கிறது.