கபடி தெரியுமா? கோடை முகாமுக்கு வாங்க!

ஜூன் மாதக் காலையில் ஆக்லாந்தின் எல்லர்ஸ்லி ரயில் மேடையில் கைகளைத் தேய்த்தபடி நாம் நடுங்கும்போது, அமெரிக்காவில் கோடை முகாம்கள் களைகட்டியிருக்கும். அங்கே பிள்ளைகளுக்கு நீச்சலும் படகோட்டலும் சொல்லித்தர நியூசிலாந்து இளைஞர்களும் போகிறார்கள். அதற்கான ஜே-1 விசா, 1961இல் அமெரிக்கா இயற்றிய பண்பாட்டுப் பரிமாற்றச் சட்டத்தின் வழியில் வந்தது. வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். நான்கு மாதத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது.

முதலில் தூதரகத்துக்கு ஓட வேண்டாம். அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த அனுசரணை அமைப்பிடம்தான் விண்ணப்பம். அவர்கள் தரும் டி.எஸ். 2019 படிவம் கைக்கு வந்தபிறகே ஆக்லாந்து நகர மையத்தில் விசா நேர்காணல். சமையலுக்கோ அலுவலக வேலைக்கோ இந்த விசா செல்லாது. பிள்ளைகளோடு இருப்பதுதான் வேலை.

விண்ணப்பத்தில் ‘என்ன கற்றுத்தருவீர்கள்?’ என்று கேட்டால், கூச்சப்படாமல் சிலம்பம், கபடி, பரதம் என்று எழுதுங்கள். பரிமாற்றம் என்பது அதுதானே! ஒன்று மட்டும்: ஜூலையில் இங்கே பல்கலைக்கழக இரண்டாம் பருவம் தொடங்கிவிடும். டிக்கெட் எடுக்கும் முன் பாட அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.