எட்டு முடிச்சு

வளைகுடா நாடுகளில் பேரீச்ச மரம் ஏறுவோர், ‘ஹாபூல்’ என்னும் கயிற்று வாரினால் தம் முதுகையும் மரத்தையும் சுற்றிப் பிணைத்துக்கொள்வர். நம் தாயகத்தில் பனையேறுவோர் கால்களில் தளைநார் பூட்டுவர். உயரே செல்பவர் தம் உயிரைக் கயிற்றிடம் ஒப்படைப்பது எந்நாட்டுக்கும் பொதுவானது. ராஸ் அல் கைமாவின் ஹஜர் மலைகளிலும், நகரங்களில் அமைந்த செயற்கைப் பாறைச் சுவர்களிலும் ஏற விரும்பும் மாணவர்கள் முதலில் கற்க வேண்டுவது எட்டு முடிச்சாகும். அதனை இடும் முறையை இங்குக் காண்போம்.

முதலாவதாக, கயிற்றின் நுனியில் ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டு, நுனியை நெடுங்கயிற்றின் மேலாகக் கொண்டுசென்று ஒரு வளையம் அமைக்க வேண்டும். நுனியை நெடுங்கயிற்றின் அடியாகச் சுற்றி, வளையத்தினுள் மேலிருந்து நுழைத்தால் 8 என்னும் எண்ணின் வடிவம் தோன்றும்.

இரண்டாவதாக, இடுப்பு வாரில் கயிறு கோப்பதற்கென்றே அமைந்த இரண்டு வளையங்களிலும் நுனியைக் கோக்க வேண்டும். பின்னர், முதல் எட்டு சென்ற வழியிலேயே நுனியை அடிபிறழாமல் திருப்பிச் செலுத்த வேண்டும். முடிவில் நுனி, நெடுங்கயிற்றை ஒட்டி வெளிவரும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு இழையையும் தனித்தனியே இழுத்து இறுக்க வேண்டும். நுனி ஒரு சாண் அளவேனும் எஞ்சியிருத்தல் நன்று.

இம்முடிச்சு பளுவைத் தாங்கும், எளிதில் நழுவாது. சரியாக இடப்பட்டதா என்பதைக் கண்ணால் கண்டே அறியலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. இணையிணையாகச் செல்லும் இழைகளை எண்ணினால் ஐந்து இணைகள் இருக்கும். ஓர் இணை குறைந்தாலும் அவிழ்த்து மீண்டும் கட்டுதல் வேண்டும்.

ஆயினும், பாதியில் விடப்பட்ட முடிச்சு எவரையும் காவாது. உலகப் புகழ்பெற்ற அமெரிக்க வீராங்கனை லின் ஹில், 1989-இல் பிரான்சு நாட்டில் கயிற்றை வாரில் கோத்துவிட்டு, முடிச்சை முடிக்காமலே பாறை ஏறினார். உச்சியை அடைந்து கயிற்றில் சாய்ந்ததும் கீழே விழுந்தார். மரக்கிளைகள் தடுத்ததனால் உயிர் பிழைத்தார். அவரே 1993-இல் அமெரிக்காவின் எல் காப்பிடான் பாறையில் ‘நோஸ்’ என்னும் வழியை, ஏறுவதற்குக் கருவிகளின் துணை கொள்ளாமல் முதன்முதலாக ஏறி முடித்தார்.

தேர்ந்தவருக்கும் மறதி உண்டு. ஆதலின் ஏறுபவரும் கயிறு பிடிப்பவரும், ஒவ்வொரு முறையும் ஒருவர் மற்றவரின் முடிச்சையும் வாரையும் பார்த்த பின்னரே தரையை விட்டுக் கால் எடுக்க வேண்டும். இது நம்பிக்கைக் குறைவன்று, தோழமையின் கடமை.

பெற்றோர்களே, ஒரு கயிற்றுத் துண்டைக் கொண்டு வீட்டில் தரையில் அமர்ந்தே பிள்ளைகளுடன் இதனைப் பழகலாம். உயரே ஏறுவதோ, பயிற்சி பெற்ற ஆசிரியரின் மேற்பார்வையில் மட்டுமே நிகழ வேண்டும்.