உங்களுக்குத் தெரியுமா? – வள்ளி கும்மியில் பெண்கள் சேர்ந்த கதை
கொங்கு நாட்டுக் கோயில் நோம்பிகளில் களைகட்டுவது வள்ளி ஒயில் கும்மி. முருகன் வள்ளியை மணந்த கதையை ஆசிரியர் பாட, வட்டமாக நிற்பவர்கள் அடி மாற்றி, குனிந்து நிமிர்ந்து, கைதட்டி ஆடுவார்கள். கதை வள்ளியுடையது, ஆனாலும் நெடுங்காலம் ஆண்களே ஆடினார்கள்! அந்த வழக்கத்தை உடைத்துப் பெண்களுக்கும் பயிற்சி தந்தவர் கோவை மாவட்டத்துக் கலைஞர் பத்ரப்பன். 2024இல், 87 வயதில், பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வானார். மிகப் பொருத்தமான மரியாதை.

நம் கும்மிக்கு ஊர்க் கோயில் வாசலே அரங்கம். இப்போது அரங்கேற்ற நாளில் பேத்தியும் அம்மாயியும் ஒரே வட்டத்தில் ஆடுகிறார்கள்.