மெடல் வேணும்தான்... அதுக்காக உடம்பையும் மனசையும் அடகு வைக்கணுமா?

காலையில சீக்கிரம் எழுந்து வேளச்சேரி அக்வாடிக் காம்ப்ளெக்ஸ் பக்கம் போயிருக்கீங்களா? ஈரத் தலையோட, ஒரு தோள்ல நீச்சல் பை, இன்னொரு தோள்ல ஸ்கூல் பைன்னு மாட்டிக்கிட்டு, அம்மாவோட ஸ்கூட்டர்ல உட்கார்ந்தபடியே இட்லியை முழுங்குற பசங்களைப் பார்க்கலாம். 1995-ல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டின குளம் அது. உள்ளே விசில் சத்தம். கூடவே, "இன்னும் ஒரு லேப்!"

அந்த 'இன்னும் ஒரு லேப்' எந்த இடத்துல நிக்கணும்? இதுதான் இப்போ கேள்வி.

ப்ரஷர் எங்கிருந்து வருது?

எல்லாப் பழியையும் கோச் தலையில போட்டுட முடியாது. அவர் எத்தனை மெடல் கொண்டு வந்தார்ங்கிறதை வெச்சுத்தான் அவருக்கு மதிப்பு, அடுத்த பேட்ச், சில சமயம் வேலையே. வீட்டுக்கு வந்தா, மெடல்னா சர்ட்டிஃபிகேட், சர்ட்டிஃபிகேட்னா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட், அப்புறம் அரசு வேலை. பல குடும்பங்களுக்கு ஒரு பிள்ளையோட டைமிங்தான் எதிர்காலம். இவ்வளவு பாரமும் கடைசியில வந்து இறங்குறது 14 வயசுப் பிள்ளையோட தோள்ல.

கண்டிப்பே தப்பா?

இல்லைங்க. 2016 ரியோ ஒலிம்பிக் ஞாபகம் இருக்கா? பி.வி.சிந்து வெள்ளி ஜெயிச்சதும், கோச் கோபிசந்த் ஒரு விஷயம் சொன்னார். சிந்துகிட்ட 3 மாசமா போனே இல்லை, ஐஸ்க்ரீமுக்கும் தடை, இனி ரெண்டும் கிடைக்கும்னு! நமக்கு 3 மணி நேரம் போன் இல்லைன்னாலே கை நடுங்கும். ஆனா, அந்தக் கண்டிப்புக்கு ஒரு காரணமும் முடிவுத் தேதியும் இருந்தது. காரணமும் சொல்லாம, முடிவும் இல்லாம வருஷக்கணக்கா நீளுறதுதான் பிரச்னை.

ஓய்வும் பயிற்சிதான்

நீச்சல்ல 'டேப்பர்'னு ஒண்ணு உண்டு. பெரிய போட்டிக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி, நீந்துற தூரத்தைப் படிப்படியா குறைப்பாங்க. வேகம் குறையாது, அளவு மட்டும் குறையும். களைச்சுப்போன தசைகள் தேறிக்க இது டைம் கொடுக்கும். 2000 சிட்னி ஒலிம்பிக் நீச்சல் வீரர்களை ஆராய்ந்தப்போ, போட்டிக்கு முந்தைய கடைசி 3 வாரத்துல சராசரியா 2 சதவிகித முன்னேற்றம் தெரிஞ்சது. 100 மீட்டரை 60 விநாடியில நீந்துறவருக்கு அது 1.2 விநாடி. மெடலுக்கும் நாலாவது இடத்துக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு!

தூக்கமும் அப்படித்தான். டீன் ஏஜ்ல 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. காலை 4:45-க்கு எழுந்திருக்கணும்னா, ராத்திரி 8:45-க்குத் தூங்கியிருக்கணும். டியூஷன், ஹோம்வொர்க், ரீல்ஸ் எல்லாம் முடிச்சு 11 மணிக்குப் படுத்தா, மறுநாள் நீந்துற லேப்புல பாதி வீண்.

நம்ம ஊர்ப் பையன் காட்டின வழி

இது குளத்துக்கு மட்டுமில்ல, செஸ் போர்டுக்கும் பொருந்தும். சென்னைப் பையன் குகேஷ், 2024 கேண்டிடேட்ஸ் போட்டியோட 7-வது சுற்றுல அலிரேசா ஃபிரூஜாகிட்ட தோத்தார். மறுநாள் ஓய்வு நாள். அதுக்கப்புறம் அந்தத் தொடர்ல அவர் ஒரு ஆட்டம்கூட தோக்கலை, சாம்பியன் ஆனார். அதே வருஷம் சிங்கப்பூர்ல உலக சாம்பியன்ஷிப். முதல் ஆட்டமே தோல்வி. ஆனா, டிசம்பர் 12-ல் 7.5-6.5னு டிங் லிரெனை ஜெயிச்சு, 18 வயசுலயே உலக சாம்பியன்.

ஓப்பனிங் தயாரிக்க ஒரு டீம் இருந்த மாதிரியே, மனசைப் பார்த்துக்க பேடி அப்டனும் கூட இருந்தார். 2011-ல் உலகக் கோப்பை ஜெயிச்ச இந்திய கிரிக்கெட் அணியோட இருந்த அதே மென்டல் கண்டிஷனிங் கோச். மனநலத்தைத் தோத்த பிறகு தேடுற மருந்தா பார்க்காம, பயிற்சியோட ஒரு பாகமா சேர்த்தாங்க. எல்லாருக்கும் தனி மனநல கோச் கிடைக்காது, உண்மைதான். ஆனா, தோத்த அன்னிக்கு ராத்திரி திட்டாம இருக்க காசு செலவில்லை.

உங்களை நீங்களே கேட்டுப் பாருங்க

* காலையில எழுந்ததும் நாடித்துடிப்பு, பல நாளா வழக்கத்தைவிட அதிகமா இருக்கா? பயிற்சி கூடக்கூட டைமிங் மோசமாகுதா? அது சோம்பல் இல்லை, ஓவர் ட்ரெயினிங்கா இருக்கலாம்.

* வெயிட் குறைக்கிறேன்னு சாப்பாட்டைக் குறைச்சு, 3 மாசமா பீரியட்ஸ் வரலையா? 'பயிற்சி பண்ணா அப்படித்தான்'னு விடாதீங்க. உடம்புக்கு எனர்ஜி பத்தலைங்கறதுக்கான அறிகுறி அது. எலும்பு பலவீனமாகும். டாக்டரைப் பாருங்க. சாப்பாடு பத்தாம போறது பசங்களையும் பாதிக்கும்.

* தோள் வலிக்குதுன்னு கோச்கிட்ட பயமில்லாம சொல்ல முடியுதா? சொன்னா டீம்ல இடம் போயிடும்னு தோணுதா?

கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். வலியை மறைக்கிற பிள்ளைக்கு எவ்வளவு திறமையான கோச்சாலயும் சரியான பயிற்சி கொடுக்க முடியாது. உண்மை தெரிஞ்சாத்தானே அட்டவணையை மாத்த முடியும்? கண்டிப்பு எல்லை மீறி அடி, அவமானம், தப்பான தொடுதல்னு போனா, அது கோச்சிங்கே இல்லை. 1098-க்கு போன் பண்ணுங்க. மனசு பாரமா இருந்தா டெலி மானஸ் 14416 இருக்கு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை குளத்துல இருந்து ஏறி வந்ததும் "டைமிங் எவ்வளவு?"ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, "தோள் எப்படி இருக்கு?"ன்னு கேளுங்க. பதில் உண்மையா வந்தா, டைமிங் தானா வரும்.