ரெண்டு விரலால் அழுத்தினால் பைக் நிற்பது எப்படி? பிரேக் ஆயில் செய்யும் வேலை!

இரண்டு பேர் உட்கார்ந்து போகும் பைக்கின் மொத்த எடை சுமார் 270 கிலோ இருக்கும். 60 கி.மீ. வேகத்தில் போகும் அந்த வண்டியை, லீவரை ரெண்டு விரலால் அழுத்தியே நிறுத்திவிடுகிறோம். அவ்வளவு விசை எங்கிருந்து வருகிறது?

பாஸ்கல் சொன்னது என்ன?

ஒரு தண்ணீர் பாக்கெட்டில் நாலைந்து இடங்களில் ஊசியால் குத்திவிட்டு அழுத்திப் பாருங்கள். விரல் வைத்த பக்கம் மட்டுமல்ல, எல்லா ஓட்டையிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சியடிக்கும். மூடிய இடத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும். 17-ம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கலின் விதி இது.

பைக்கில் என்ன நடக்கிறது?

டிஸ்க் பிரேக் லீவரை அழுத்தியதும், ஹேண்டில்பாரில் உள்ள மாஸ்டர் சிலிண்டரின் சின்ன பிஸ்டன் ஆயிலைத் தள்ளும். அந்த அழுத்தம் ஹோஸ் வழியாகச் சக்கரத்தில் இருக்கும் காலிப்பருக்குப் போகும். அங்குள்ள பெரிய பிஸ்டன், பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கும்.

சின்ன பிஸ்டனின் பரப்பு 1 சதுர செ.மீ., பெரியது 6 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் அழுத்தம் ஒன்றுதான். ஆனால் பரப்பு 6 மடங்கு என்பதால் விசையும் 6 மடங்காகிவிடும். இது சும்மா கிடைப்பதில்லை. சின்ன பிஸ்டன் 6 மி.மீ. நகர்ந்தால்தான் பெரியது 1 மி.மீ. நகரும். ஜேசிபியின் கை பாறையைத் தூக்குவதும் இதே கணக்கில்தான்.

காற்று புகுந்தால் என்ன ஆகும்?

திரவத்தை அழுத்தினால் அது கிட்டத்தட்ட சுருங்கவே சுருங்காது. காற்று எளிதில் சுருங்கிவிடும். ஹோஸுக்குள் காற்றுக் குமிழி இருந்தால், லீவரின் நகர்வெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகும். லீவர் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கும். பிரேக் சரியாகப் பிடிக்காது.

பழைய ஆயில் ஏன் ஆபத்து?

வண்டிகளில் பரவலாகப் பயன்படும் டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதில் 3.7% தண்ணீர் சேர்ந்தாலோ, அந்த வரம்பு 155 டிகிரிதான்.

கொல்லிமலை மாதிரி கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பாதையில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால், சூடு ஏறி ஆயில் கொதிக்கலாம். கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். ஏறும்போது நன்றாக இருந்த பிரேக், இறங்கும்போது கைவிட இதுவும் ஒரு காரணம்.

என்ன செய்யலாம்?

* மேனுவலில் சொன்ன காலத்தில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். பல வண்டிகளுக்கு இது 2 ஆண்டுகள்.
* ஆயில் அளவு குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு விட்டுவிடாதீர்கள். பேட் தேய்ந்திருக்கலாம் அல்லது எங்காவது கசியலாம்.
* அவசரத்துக்குக்கூட இன்ஜின் ஆயிலை ஊற்றக் கூடாது. ரப்பர் சீல்கள் ஊதிப்போகும்.
* மலையிறக்கத்தில் குறைந்த கியரில் வாருங்கள்.
* லீவர் 'கொழகொழ'வென்று அமுங்கினால் வண்டியை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கிடம் சொல்லி ஏர் எடுத்த பிறகே கிளம்புங்கள்.